தையலக்கா கடைக்குப் போர்டு வைத்த கதை

உலகத்தில் எல்லாக் கடைக்கும் திறந்திருக்கும்போது பெயர் இருக்கும். தையலக்கா கடைக்கு மட்டும் மூடியிருக்கும்போதுதான் பெயர். கடை ஆரம்பித்த புதிதில் அவள் வீட்டுக்காரர் சிக்கனம் பார்த்தார். தனியாக ஒரு போர்டு எதற்கு, ஷட்டர்தான் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று அதன் மேலேயே ‘நவீன தையலகம்’ என்று நீல எழுத்தில் எழுத வைத்துவிட்டார். எழுத்து என்னவோ லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் ஷட்டரை ஏற்றினால் நவீனமும் தையலகமும் சேர்ந்து சுருண்டு மேலே பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம் ராத்திரிதான் வெளியே வரும். அதனால் அந்தப் பெயர் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. சலூனுக்குப் பக்கத்தில் தையலக்கா கடை என்று கேட்டால் மட்டும் தெருவே கை காட்டும்.

பல வருஷம் இது சிரிப்பாகத்தான் ஓடியது. பிறகு அவளுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் வந்தது. ஆபரேஷனுக்குப் பின்னால் மருந்து, மருந்துக்குப் பின்னால் ஓய்வு என்று கடை மாசக்கணக்கில் மூடிக் கிடந்தது. அப்போதுதான் தெரு அந்தப் பெயரை நிதானமாகப் படித்தது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் போகும்போது படித்தார்கள், வரும்போதும் படித்தார்கள். நவீன தையலகம் என்றால் மூடிக் கிடக்கும் கடை என்று எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

மறுபடி திறந்தபோது தையலக்கா பழைய தையலக்கா இல்லை. பாதி உடம்பு கரைந்திருந்தது. மருந்தில் கொட்டிய முடி இப்போதுதான் கட்டை கட்டையாக முளைத்திருந்தது. வருகிறவர்கள் முதலில் தலையைப் பார்ப்பார்கள், அடுத்து வயிற்றைப் பார்ப்பார்கள், அப்புறம் தரையைப் பார்ப்பார்கள். இந்த மூன்று பார்வைக்கும் பயந்து அவள் மெஷினைக் கடையின் கடைசிக்கு நகர்த்தி, தொங்கும் துணிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். தெருவிலிருந்து பார்த்தால் கடையில் ஆள் இருக்கிறதா, பூனை இருக்கிறதா என்றே தெரியாது.

வேலை வரவில்லை. வந்த நாலைந்து பேரும் வேலை கொடுக்க வந்தவர்கள் மாதிரி இல்லை, நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். “அவசரமே இல்லக்கா, முடிஞ்சப்ப தைங்க” என்றார்கள். ஒரு பெண்ணுக்குத் தைத்த சட்டையில் இடது கை பிடித்தது. அது தையலக்காவுக்கே தெரிந்தது. அந்தப் பெண்ணோ, “பரவாயில்லக்கா, நல்லாத்தான் இருக்கு” என்று கையை மடக்க முடியாமல் மடக்கிக் காட்டிவிட்டுப் போனாள். முன்பெல்லாம் ஒரு பட்டன் தள்ளிப்போனால் பட்டாளத்தையே கூட்டுகிறவள் அவள். அன்றைக்குத் தையலக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பிடிக்கவில்லை என்று மூஞ்சிக்கு நேரே சொன்னால் பிரித்துத் தைக்கலாம். பாவம் பார்க்கிறவர்களை என்ன செய்ய முடியும்?

கடையின் சொந்தக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறீர்களா, இல்லையா என்று கேட்டனுப்பியிருந்தார். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் அதட்டாமல், மெதுவாகத்தான் கேட்டார்.

“விட்டுடலாமா? உடம்பு முக்கியம். வீட்ல இருந்தே ஏதாவது தைச்சுக்கலாம்.”

“வீட்ல இருந்தா நான் நோயாளிங்க. கடைக்கு வந்தாதான் தையல்காரி.”

அவள்தான் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். கடைக்கு ஒரு போர்டு வேண்டும். திறந்திருக்கும்போது தெரிகிற போர்டு. ‘இருக்கிறேன், வேலை செய்கிறேன், துணி கொண்டு வாருங்கள்’ என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. போர்டு சொல்லட்டுமே.

போர்டு செய்கிறவர் வாய் ஓயாத மனுஷர். “மறுபடியும் திறக்கப்பட்டதுன்னு சிவப்புல போட்டுடலாமாம்மா? நல்லா எடுப்பா இருக்கும்” என்றார்.

“வேண்டாம். மூடினதை ஏன் ஞாபகப்படுத்தணும்?”

“அப்போ அதே பேரா? நவீன தையலகம்?”

“அந்தப் பேரே வேண்டாம். ‘தையலக்கா கடை’ன்னு போடுங்க. கீழே, ஆல்டரேஷன், ஜிப் மாற்றுதல், புதுத்துணி தையல்னு போடுங்க. எழுத்து மட்டும் பஸ்ல போறவனுக்கும் தெரியணும்.”

போர்டு மூன்றாம் நாளே வந்துவிட்டது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. தூக்கி மாட்டுகிற ஆட்கள் மட்டும் அடுத்த வாரம்தான் வருவார்கள் என்றார்கள். “ஆளுங்க எதுக்கு? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?” என்று வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அவரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலை பார்க்கிறவர். ஆபரேஷன் சமயத்தில் ஆஸ்பத்திரி நடையில் நாள் முழுக்க நின்று, டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. அது அவரை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. பெண்டாட்டிக்காகக் கையால் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று துடித்தார். அவளுடைய தம்பி எலக்ட்ரிக் சாமான் கடையில் வேலை செய்கிறான். அவனிடமிருந்து டிரில் மெஷினை இரவல் வாங்கினார், கூடவே அவனையும் வாங்கிக்கொண்டார். கையில் சுத்தியல் இருப்பவனால் சும்மா இருக்க முடியாது என்றால், டிரில் இருப்பவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

விடுமுறை நாளாகப் பார்த்து வேலை நடந்தது. தையலக்கா ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள். “ஷட்டரை இறக்கிட்டு ஓட்டை போடுங்க. உள்ள துணி தொங்குது, ஒரு பொட்டுத் தூசி படக்கூடாது.” துணி மேல் தூசி விழுவது அவளுக்குக் கண்ணில் தூசி விழுவது மாதிரி. அதனால் மாமனும் மச்சானும் ஷட்டரைத் தரையோடு இறக்கிவிட்டு, மேலே இருக்கும் ஷட்டர் பெட்டியின் முகத்தில் இரும்புச் சட்டம் அடித்தார்கள்.

“மாமா, இந்த ஸ்க்ரூ கொஞ்சம் நீளமோ?” என்றான் தம்பி.

“நீளமா இருந்தாத்தான்டா பிடிக்கும். புயலே வந்தாலும் அசையக்கூடாது.”

சட்டத்தின் மேல் போர்டை வைத்து, ஸ்க்ரூ தலை வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று, சுற்றிலும் பசை போட்டு ஒட்டினார்கள். அந்தப் பசை ஒருமுறை பிடித்தால் அப்புறம் பலகை உடையுமே தவிரப் பிரியாது. வேலை முடிந்து மூன்று பேரும் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார்கள். கோணல் இல்லை, சாய்வு இல்லை. தம்பி கைதட்டினான். வீட்டுக்காரர் நெஞ்சு நிமிர்ந்து நின்றார். தையலக்காவுக்கு அவரைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது, போர்டைப் பார்ப்பதைவிட.

மறுநாள் காலையில் வீட்டுக்காரரும் தம்பியும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு கடை திறக்க வந்தார்கள். வீட்டுக்காரர் பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினார். அது முழங்கால் வரை வந்தது, தொடை வரை வந்தது, இடுப்பு உயரத்தில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவர் தோளைக் கொடுத்து முட்டினார். சலூன்காரர் கத்தரியோடு ஓடி வந்து அவரும் முட்டினார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இது அம்மி இல்லை.

கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஷட்டர் இறங்கியிருக்கும்போது மேல் பெட்டி காலியாக இருக்கும். அதை ஏற்ற ஏற்றத்தான் சுருள் சுற்றிச் சுற்றிப் பருக்கும். காலிப் பெட்டியை நம்பி அடித்த நீள ஸ்க்ரூக்கள் உள்ளே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. சுருள் பருத்ததும் அந்தப் பல்லில் மாட்டிக்கொண்டது. மூடின கடைக்கு அளவெடுத்துப் போர்டு மாட்டினால் திறந்த கடைக்கு எப்படிப் பொருந்தும்? சட்டையை ஆணியில் மாட்டி அளவெடுத்துவிட்டு ஆளுக்குப் பிடிக்கிறது என்று புலம்புகிற கதைதான். இதை ஒரு தையல்காரி குடும்பம் செய்தது என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? சலூன்காரர் சிரித்துவிட்டார். அப்புறம் தையலக்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்காரரின் முகம் செத்துவிட்டது. “போர்டை உடைச்சுடறேன். உடைச்சாத்தான் ஸ்க்ரூ கைக்கு வரும்” என்று சுத்தியலைத் தேடினார்.

“கையை எடுங்க! உடைக்கிறதுக்கா வச்சோம்?” என்றாள்.

தம்பி போன் போட்டு ஷட்டர் ரிப்பேர்காரரைப் பிடித்தான். அவர் மத்தியானத்துக்கு மேல்தான் வர முடியும், உள்பக்கமாகப் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூ முனையை அறுத்துவிடலாம், அதுவரை யாரும் தொடாதீர்கள் என்றார். பாதி இறங்கிய ஷட்டர், மேலே பளபளவென்று புதுப் போர்டு. பஸ் நிறுத்தத்தில் நின்ற இரண்டு பெண்கள் இந்தப் பக்கம் பார்த்து ஏதோ பேசினார்கள். தையலக்காவுக்குக் காதில் விழவில்லை, விழாமலே புரிந்தது. ‘பாவம், மறுபடியும் மூடுறாங்க போல.’ அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. மாசக் கடைசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

ஆனால் அழக்கூட நேரமில்லை. ஒரு பாதுகாவலர் தன் சீருடையைக் கொடுத்திருந்தார். புது வேலை, மத்தியானம் முதல் ஷிஃப்ட். கால்சட்டையின் நீளம் குறைக்க வேண்டும், சட்டையின் பக்கங்களைப் பிடிக்க வேண்டும். வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர், அவளுடைய நோய்நொடி எதுவும் தெரியாது. அதனாலேயே, “பதினொரு மணிக்குக் கண்டிப்பா வேணும், இல்லேன்னா வேலை போயிடும்” என்று கறாராகச் சொல்லியிருந்தார். கடையை மறுபடி திறந்த இந்த இரண்டு மாசத்தில் அவளிடம் கறாராகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அந்தத் துணி உள்ளே இருந்தது. குனிந்து போக அவளால் முடியாது, குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“நான் போய் எடுத்துட்டு வரேன். வீட்டுக்குக் கொண்டுபோய் கையால தைச்சுடு” என்றார் வீட்டுக்காரர்.

அவள் தெருவைப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள். வெள்ளம் தலைக்கு மேலே போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

“துணியோட மெஷினையும் எடுத்துட்டு வாங்க” என்றாள். “இங்கயே போடுங்க. வாசல்ல.”

மாமனும் மச்சானும் ஷட்டருக்கடியில் தவழ்ந்து போனார்கள். மெஷின் வந்தது, மேசை வந்தது, நூல் டப்பா வந்தது. சலூன்காரர் தன் கடையிலிருந்து வயரை இழுத்துக் கொடுத்தார், முடி வெட்டுகிற நாற்காலியில் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். தையலக்கா புதுப் போர்டுக்கு நேர் கீழே, நடைபாதையில், பட்டப்பகலில், கட்டை முடியோடு உட்கார்ந்து மெஷினை ஓட்டினாள். முதல் தையல் கோணியது. அடுத்தது நேராக வந்தது. சத்தம் கேட்டுத் திரும்பாதவர்கள் இல்லை. தெருவில் மெஷின் ஓடினால் யார்தான் திரும்ப மாட்டார்கள்?

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அடுக்குமாடி வீட்டு டீச்சர்தான் முதலில் நின்றாள். ஒரு காலத்தில் மாசம் தவறாமல் துணி கொடுத்தவள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மேய்த்து மேய்த்துக் குரலே அதட்டலாகிப் போனவள். இப்போது அந்தக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“எப்படி இருக்கீங்க... உடம்பு?”

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை நாள் துணிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இப்போது ஒளிய இடமில்லை. தையலக்கா கால்சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“வெட்டினாங்க, எடுத்தாங்க, தைச்சாங்க டீச்சர். இப்ப நல்லா இருக்கேன். ஆனா அந்தத் தையல் சகிக்கல. என்கிட்ட குடுத்திருந்தா வெளிய தெரியாம போட்டிருப்பேன்.”

டீச்சர் திகைத்தாள். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். சலூனுக்குள் பாதிச் சவரத்தில் இருந்தவர்கூட நுரையோடு சிரித்தார். சிரித்து முடித்ததும் டீச்சருக்குக் கண் கலங்கியது.

“நான் வேற கடையில குடுத்துட்டிருக்கேங்க. உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான்...”

“தொந்தரவு பண்ணுங்க டீச்சர்” என்றாள் தையலக்கா. இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள். “அதுக்குத்தானே கடை வச்சிருக்கேன்.”

டீச்சர் சட்டென்று திரும்பி நடந்துவிட்டாள். கோபமோ என்னவோ என்று தையலக்கா நினைத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி வந்து, பையனின் பள்ளிக்கூடப் பையில் ஜிப் போய்விட்டது, மாற்றித் தருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். “முடிஞ்சப்ப குடுங்க, அவசரமில்ல” என்று இழுத்தாள். “சாயங்காலம் வாங்க” என்றாள் தையலக்கா, அவசரமாகவே.

பதினொரு மணிக்குப் பாதுகாவலர் வந்தார். நடைபாதையில் கடையையும் பாதி ஷட்டரையும் பார்த்துவிட்டு, “என்னங்க ஆச்சு?” என்றார். “போர்டு வச்சோம்” என்றான் தம்பி. அவருக்கு விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள நேரமுமில்லை. உடை மாற்றும் மறைப்பு உள்ளே இருந்ததால், நல்ல ஆகிருதியான அந்த மனுஷர் ஷட்டருக்கடியில் தவழ்ந்து போய், சீருடையில் தவழ்ந்து வெளியே வந்தார். முழங்கால் தூசியைத் தட்டி எழுந்து நின்றபோது பஸ் நிறுத்தமே பார்த்தது. சீருடை அவருக்கென்றே பிறந்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. சலூன்காரர் சல்யூட் அடித்தார், அவரும் பதிலுக்கு அடித்துவிட்டு வேலைக்கு ஓடினார்.

மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று பேர் துணி கொடுத்துவிட்டார்கள். சாப்பாட்டு இடைவேளையில் டீச்சரும் வந்தாள், வீட்டிலிருந்து எடுத்த ஒரு பையோடு. ஒரு நீள ஸ்கர்ட், கீழே ஒரு சாண் தூக்கித் தைக்க வேண்டும், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அதிகாரிகள் வருகிறார்கள். தையலக்கா அவளை நிற்க வைத்து அளவெடுத்தாள். வளைந்து அளவெடுக்க முடியாததால் தம்பி கீழே உட்கார்ந்து டேப்பைப் பிடித்தான். அதற்குள் ஷட்டர் ரிப்பேர்காரரும் வந்து சேர்ந்தார். உள்ளே புகுந்து பெட்டியைத் திறந்து, பொறி பறக்க ஸ்க்ரூ முனைகளை அறுத்தார். வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார், துணிகளையெல்லாம் முன்கூட்டியே போர்த்தி வைத்திருந்தார். ஒரு இழுப்பில் ஷட்டர் சரசரவென்று உச்சி வரை போனது. போர்டில் ஒரு கீறல் இல்லை.

வீட்டுக்காரர் மெஷினைத் தூக்கப் போனார். “பழைய இடத்துல வச்சுடட்டுமா?”

“வேண்டாம். வாசப்படிக்கு உள்ள, இப்படி முன்னாலயே போடுங்க. வெளிச்சம் நல்லா இருக்கு” என்றாள். வெளிச்சத்துக்காக மட்டும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

டீச்சர் பள்ளிக்கூடம் முடிந்து வந்தாள். ஸ்கர்ட்டைப் போட்டுக்கொண்டு, பெரிய கண்ணாடி சலூனில்தான் இருக்கிறது என்று, அங்கே போய் ஆண்களுக்கு நடுவில் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

“என்ன தையல் இது? இடது பக்கம் ஏறியிருக்கு! இதைப் போட்டுக்கிட்டு நான் அதிகாரிங்க முன்னாடி நிக்கணுமா? முன்னல்லாம் இப்படித் தைக்க மாட்டீங்களே!”

எட்டாம் வகுப்புக் குரல். தெருவுக்கே கேட்டது. வீட்டுக்காரர் பதறிப்போய் எழுந்து, “டீச்சர், அவளுக்கு இப்பதான் உடம்பு...” என்று ஆரம்பித்தார்.

“நீங்க சும்மா இருங்க” என்றாள் தையலக்கா. குனியாமல் ஸ்கர்ட்டின் ஓரத்தைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஏறித்தான் இருந்தது, ஒரு விரல்கடை. “நீங்க சொல்றது சரிதான் டீச்சர். கழட்டிக் குடுங்க, பிரிச்சுத் தைச்சுத் தரேன்.”

“அரை மணியில வருவேன். சரியா இருக்கணும்.”

“இருக்கும்.”

டீச்சர் உடை மாற்றிக்கொண்டு, ஸ்கர்ட்டை மேசைமேல் போட்டுவிட்டுப் போனாள். தையலக்கா சின்னக் கத்தரியை எடுத்து முதல் தையலைப் பிரித்தாள், இரண்டாவதைப் பிரித்தாள். மூன்றாவது கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. வீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

“என்னம்மா? வலிக்குதா? இன்னிக்கு அதிகமா உட்கார்ந்துட்டியா?”

“இல்லங்க” என்று புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “டீச்சர் திட்டிட்டாங்க.”

“அதுக்கு ஏன் சிரிக்கிற?”

வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஓரத்தை மடிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் கழித்து, ஊசியை எடுத்துவிட்டு, “வீட்டுக்காரர்கிட்ட இன்னிக்கே போய் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுங்க” என்றாள்.

“எந்த வீட்டுக்காரர்? நான்தானே உன் வீட்டுக்காரன்.”

“கடைச் சொந்தக்காரர்ங்க! போங்க, நிக்காதீங்க. எனக்கு வேலை இருக்கு.”